பாய் போய் மெத்தை வந்த பிறகு

சுவிஸ் வாடகை வீடுகளின் கூரை கொங்கிறீற்று. அதில் ஒரு கொழுக்கி பூட்டுவதென்றாலும் வீட்டு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதனால் பேர்ணிலும் சூரிச்சிலும் பாசலிலும் பிள்ளை பிறந்த தமிழ் வீடுகளில் ஏணை கட்டுவது முதல் வாரத்திலேயே ஒரு பிரச்சினையாகிவிடுகிறது. ஊரில் வளையில் கயிற்றைப் போட்டு, அம்மாவின் பழைய நூல்சேலையைக் கட்டி, துணி பிள்ளையின் முகத்தில் மூடாதபடி குறுக்கே ஒரு தடி செருகிவிட்டால் வேலை முடிந்தது. இங்கே கதவு நிலையில் மாட்டும் கவ்வியோ, இரும்புக் காலில் தொங்கும் சுருள்வில் தொட்டிலோ வாங்குகிறார்கள். வீட்டுக்கு வரும் மருத்துவிச்சி அதைப் பார்த்து, பிள்ளை இரவில் எங்கே தூங்குகிறது என்று கேட்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவுக்கு அந்தக் கேள்வியே விளங்குவதில்லை. பிள்ளை தாயோடு தூங்காமல் வேறெங்கே தூங்கும்?

இந்தக் கட்டுரை அந்த இருவருக்கும் நடுவே நிற்கும் இளம் தாய் தகப்பனுக்காக எழுதப்படுகிறது. 1983க்குப் பின் இங்கு வந்து சேர்ந்து இன்று ஏறத்தாழ 50,000 பேராகிவிட்ட சமூகத்தில், இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்களும் இப்போது தாய்மாராகிவருகிறார்கள். மருத்துவிச்சி சொல்வது விஞ்ஞானம், அம்மம்மா சொல்வது பழக்கம் என்று பிரித்துக்கொள்வது அவர்களுக்கு எளிது. ஆனால் குழந்தைத் தூக்கம் பற்றிய கடந்த 50 ஆண்டு ஆய்வுகளைப் படித்தால் கணக்கு அப்படி வரவில்லை. அம்மம்மாவின் பழக்கங்களில் முக்கியமானவை சரி. அவை பிறந்த வீடும் தரையும் படுக்கையும்தான் இங்கே இல்லை.

முதலில் பிள்ளையை எப்படிக் கிடத்துவது என்பது. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் பச்சைப்பிள்ளையை மல்லாக்கத்தான் கிடத்துவார்கள். ஏணையில் வேறு விதமாகக் கிடத்தவும் முடியாது. மேற்கு நாடுகளிலோ 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காற்று வேறு பக்கம் திரும்பியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பொக்கின் பிள்ளை வளர்ப்பு நூல் உலகெங்கும் விற்றது. அதன் 1950களின் பிற்பகுதிப் பதிப்பு குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்றது. மல்லாந்து கிடக்கும் பிள்ளை பால் கக்கினால் மூச்சடைக்கும் என்பது அவர் சொன்ன முதன்மைக் காரணம். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளிலும் 1970களில் இதே அறிவுரை பரவியது. குப்புறக் கிடந்த பிள்ளைகள் நன்றாகத் தூங்கின, குறைவாக அழுதன. தாய்மாருக்கும் தாதியருக்கும் அதுவே போதுமான சான்றாக இருந்தது.

ஆரோக்கியமாகக் கிடத்தப்பட்ட பிள்ளை காலையில் உயிரோடு இல்லாமற்போகும் திடீர் மரணங்கள் அந்த ஆண்டுகளில் மேற்கு நாடுகளில் ஏறின. பிரேதப் பரிசோதனையில் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. 1985இல் ஹொங்கொங்கில் பணியாற்றிய டேவிஸ் என்ற மருத்துவர் லான்செற் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். நெருக்கமான வீடுகள் நிறைந்த அந்த நகரில் இத்தகைய மரணம் ஏன் இவ்வளவு அரிது என்பது அவர் கேள்வி. அங்குள்ள சீனத் தாய்மார் பிள்ளைகளை மல்லாக்கக் கிடத்துவதை அவர் கவனித்திருந்தார். 1987இல் நெதர்லாந்தில் குஸ் டி யோங்க என்ற பேராசிரியர் குப்புறப் படுக்க வைப்பதை நிறுத்தச் சொன்னார். நியூசிலாந்திலும் இங்கிலாந்தின் ஏவன் பகுதியிலும் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. 1991இன் இறுதியில் பிரித்தானியாவும் 1990களில் மற்ற நாடுகளும் அறிவுரையைத் திருப்பிப் போட்டன. சுவிற்சர்லாந்தும் அவற்றில் ஒன்று. அமெரிக்காவில் 1992இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 1.2 ஆக இருந்த இந்த மரணம் 2001இல் 0.6க்கும் கீழே இறங்கியது. புது மருந்தோ கருவியோ இல்லை. பிள்ளையைத் திருப்பிக் கிடத்தியதுதான் பெரும்பகுதி வேலையைச் செய்தது.

2005இல் ரூத் கில்பேர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் பழைய தரவுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கிடைத்த சான்றுகளை 1970இலேயே முறையாகத் தொகுத்திருந்தால் ஆபத்து அப்போதே தெரிந்திருக்கும் என்று கண்டார்கள். ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரலேசியா எங்கும் குறைந்தது 50,000 பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. சுவிஸ் வந்த முதல் தலைமுறைத் தமிழ்த் தாய்மார் பிள்ளை பெற்றது 1980களின் பிற்பகுதியில். ஐரோப்பிய மருத்துவமனைகள் பலவற்றில் குப்புறக் கிடத்தும் பழக்கம் இன்னும் மாறாத காலம் அது. ஊரில் தாயிடம் கற்ற சரியான வழக்கத்தைப் புது நாட்டில் பிழையென்று நினைத்து விட்டவர்கள் இருந்திருப்பார்கள். இன்று அம்மம்மாவாகியிருக்கும் அந்தப் பெண்கள் மருத்துவிச்சியின் சொல்லை உடனே நம்பாமல் தயங்கினால், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தயக்கத்துக்குள் இருக்கும் பயம் மட்டும் தெளிய வேண்டும். பால் கக்கினால் புரைக்கேறாதா? பிள்ளை நிமிர்ந்திருக்கும்போதோ குப்புறக் கிடக்கும்போதோ மூச்சுக்குழாய் முன்பக்கமும் உணவுக்குழாய் பின்பக்கமும் இருக்கின்றன. மல்லாக்கக் கிடத்தினால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. வெளியே வரும் பால் மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக்குழாய்க்குள் போக முடியும். பெரும்பாலும் அது வந்த வழியே திரும்புகிறது, அல்லது வாயோரம் வழிகிறது. குப்புறக் கிடந்தால் நிலை தலைகீழ். கக்கிய பால் மூச்சுக்குழாயின் வாயிலிலேயே தேங்குகிறது. மல்லாக்கக் கிடத்தும் பழக்கம் பரவிய பிறகு எந்த நாட்டிலும் புரைக்கேறி இறக்கும் பிள்ளைகளின் தொகை கூடவில்லை.

குப்புறக் கிடந்த பிள்ளை ஏன் அவ்வளவு நன்றாகத் தூங்கியது என்பதற்கும் விடை உண்டு. அது எளிதில் விழித்தெழவில்லை. பச்சைப்பிள்ளையின் மூச்சு சீராக ஓடுவதில்லை. இடையிடையே சில நொடிகள் நின்று பிறகு தொடங்கும். மூக்கு மெத்தையில் புதைந்தால் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது, இரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறது. அப்போது மூளைத்தண்டு அதை உணர்ந்து, சிணுங்கவைத்து, தலையைத் திருப்பவைக்க வேண்டும். ஹார்வர்டின் ஹன்னா கின்னி இறந்த பிள்ளைகளின் மூளையை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, சிலரில் இந்த எழுப்பும் வேலையைச் செய்யும் செரொட்டோனின் அமைப்பு குறைபட்டிருந்ததைக் காட்டினார். எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை உண்டு என்று உயிரோடிருக்கும்போது கண்டறியச் சோதனை இல்லை. ஆகவே எல்லாப் பிள்ளைகளையும் மல்லாக்கக் கிடத்துகிறோம். பக்கவாட்டிலும் வேண்டாம், அந்த நிலையிலிருந்து குப்புறப் புரள்வது மிக எளிது. பிள்ளை தானாகவே இரு பக்கமும் புரளத் தொடங்கியபின் அதன் விருப்பப்படி விட்டுவிடலாம். ஆனால் தூங்கக் கிடத்தும்போது மல்லாக்கவே.

தலை சப்பட்டையாகுமே என்று கேட்பார்கள். கொஞ்சம் ஆகலாம். அதற்குக் கடுகுத் தலையணை வேண்டாம், எந்தத் தலையணையும் முதல் ஆண்டில் வேண்டாம். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, நாளுக்குப் பல தடவை வயிற்றில் கிடத்தி விளையாட்டுக் காட்டுங்கள். கட்டிலில் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாறிமாறி வையுங்கள். பிள்ளை வெளிச்சமும் அம்மாவின் முகமும் இருக்கும் பக்கமே திரும்பும்.

அடுத்து, எங்கே தூங்குவது. இங்கேதான் அம்மம்மாவும் மருத்துவிச்சியும் உண்மையில் மோதுகிறார்கள்.

1993இல் காண்ட்லி, முன்சொன்ன டேவிஸ் முதலானோர் வேல்ஸின் கார்டிஃபில் வாழ்ந்த வங்காளதேசத் தாய்மாரையும் வேல்ஸ் தாய்மாரையும் சந்தித்து, பிள்ளை வளர்க்கும் விதத்தை எழுதினார்கள். வங்காளதேச வீடுகளில் பிள்ளை எப்போதும் மனிதர் நடுவே இருந்தது. பேச்சொலி, சமையல் சத்தம், ஒருவர் கை மாறி ஒருவர் கை. இரவில் பெற்றோரின் அறை. வேல்ஸ் வீடுகளில் பிள்ளைக்கு அமைதியான தனியறை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தெற்காசியத் தாய்மாரின் பிள்ளைகளுக்குத் திடீர் மரணம் குறைவு என்பது 1980களின் புள்ளிவிவரங்களிலேயே தெரிந்திருந்தது. அவர்கள் மற்றவர்களைவிட வறியவர்களாக இருந்தும் இந்த நிலை. பின்னர் பிராட்ஃபோர்டில் ஹெலன் போல் நடத்திய ஆய்வும் அதே திசையில் சென்றது. பாகிஸ்தானியக் குடும்பங்களில் தாய்மார் புகைப்பதில்லை, மது அருந்துவதில்லை, பிள்ளையோடு சோபாவில் தூங்குவது அரிது, பிள்ளை பெற்றோரின் அறையிலேயே தூங்குகிறது. இன்று சுவிஸ் குழந்தை மருத்துவர்கள் பெற்றோரின் அறையில், தனிக் கட்டிலில் என்று சொல்வதன் முதற்பாதி நம்முடைய வழக்கம். தனியறையைவிடப் பெற்றோரின் அறை ஆபத்தைப் பாதிவரை குறைக்கிறது என்று மதிப்பிடப்படுகிறது. இணையத்தில் அழகாகத் தெரியும் தனிப் பிள்ளையறை, நீலவண்ணச் சுவர், மூடிய கதவு, இவற்றுக்காகக் கடன்படும் தமிழ்ப் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் ஆறு மாதம் கட்டாயமாக, முடிந்தால் முதல் ஆண்டு முழுவதும், அந்த அறை தேவையில்லை.

இரண்டாம் பாதியான தனிக் கட்டில் விடயத்தில் ஆய்வாளர்களே ஒத்துப்போவதில்லை. 2013இல் கார்ப்பென்ரரும் பிறரும் ஐந்து ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெற்றோர் புகைக்காத, தாய்ப்பால் குடிக்கும், மூன்று மாதம் நிறையாத பிள்ளைக்கும் பெற்றோரின் கட்டிலில் தூங்குவது ஆபத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது என்றார்கள். அடுத்த ஆண்டு பிளேயரும் பிறரும் வேறு தரவைக்கொண்டு, புகை, மது, சோபா ஆகியவை இல்லாதபோது அப்படியொரு ஏற்றம் தெரியவில்லை என்றார்கள். சோபாவில் பிள்ளையோடு தூங்கிப்போவதும் மது அருந்தியபின் பிள்ளையோடு தூங்குவதும் ஆபத்தை 18 மடங்காக்குகின்றன என்பது அவர்கள் கண்டது. இந்த வாக்குவாதம் ஓயவில்லை. என் கணிப்பில் தமிழ் வீட்டுக்கான விடை அந்த எண்களில் இல்லை, படுக்கையில் இருக்கிறது.

ஊரில் தாய் பிள்ளையோடு படுத்தது பன்பாயில். அடியில் சாணமோ சீமெந்தோ போட்ட தரை. போர்வை ஒரு மெல்லிய சேலை. சுற்றிச் சுவரில்லை, விழ உயரமில்லை, மூக்கு புதைய ஆழமில்லை. காற்று எப்பக்கமும். சுவிஸ் கட்டிலில் தடித்த நுரைமெத்தை, இருவரின் பாரத்தில் நடுவே பள்ளம் விழுகிறது. அதன்மேல் இறகடைத்த கனத்த போர்வை, ஆளுக்கொன்று. நான்கு பெரிய தலையணை. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே ஓர் இடைவெளி. அம்மம்மா மகளிடம் 'பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படு' என்று சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது அந்தப் பாய். மகள் போய்ப் படுப்பது இந்த மெத்தையில். அறிவுரை ஒன்று, பொருள் முற்றிலும் வேறு.

எனவே பக்கக் கட்டில் நல்ல வழி. பெற்றோரின் கட்டிலோடு ஒரு பக்கம் திறந்தபடி இறுக்கிப் பூட்டும் சிறு கட்டில் அது. கை நீட்டினால் பிள்ளை, ஆனால் பிள்ளைக்குத் தன் மெத்தை. இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே இடைவெளி இல்லாதபடி பூட்ட வேண்டும். தனித் தொட்டில் என்றால் ஐரோப்பியத் தரநிலை எஸ்என் ஈஎன் 716 என்ற குறியைப் பாருங்கள். கம்பிகளுக்கிடையே இடைவெளி 45 முதல் 65 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும் என்பது அந்த விதி. உடல் நழுவித் தலை சிக்காமலிருக்க அந்த அளவு. மெத்தை உறுதியாக, கட்டிலுக்கு அளவாக இருக்க வேண்டும். கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக் கூடாது. சொந்தக்காரர் கொடுத்த பழைய கட்டிலில் இலவம்பஞ்சு மெத்தையைப் போடாதீர்கள். கட்டிலுக்குள் பிள்ளை மட்டும். சுற்றிக் கட்டும் பஞ்சுத் திரையும் பொம்மைகளும், மேலே தொங்கும் விதானத் துணியும் புகைப்படத்துக்கு அழகு, பிள்ளைக்கு வேண்டாம். பஞ்சுத் திரை விற்பதை அமெரிக்கா 2022இல் சட்டமிட்டே தடைசெய்தது. கட்டிலை வெப்பமூட்டிக்கும் யன்னல் திரைக் கயிற்றுக்கும் எட்டத்தில் வையுங்கள்.

குளிர் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் சுவிஸில் அதிகம் தவறுவது இதில்தான் என்பது என் எண்ணம்.

இந்தக் காட்சி எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கும். சனவரி மாதம். வெளியே பனி. பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி, கையுறை, காலுறை, இரண்டு சட்டை, மேலே ஊரிலிருந்து கொண்டுவந்த போர்வை.

"ஏன் உள்ளே தொப்பி?" என்று மருத்துவிச்சி ஜெர்மனில் கேட்கிறார். மகள் மொழிபெயர்க்கிறாள்.

"காதுக்குள்ள குளிர் போனால் பிள்ளைக்குத் தடிமன் பிடிச்சிடும் எண்டு சொல்லு."

"அம்மா, இங்க வீட்டுக்குள்ள எப்பவும் இருபத்திரண்டு பாகை."

"கையைத் தொட்டுப்பார் பிள்ளை, சில்லெண்டு கிடக்குது."

மருத்துவிச்சி அம்மம்மாவின் கையைப் பிடித்து, பிள்ளையின் பிடரிக்குக் கீழே, தோள்பட்டைகளுக்கு நடுவே வைக்கிறார். அங்கே வியர்த்திருக்கிறது.

பச்சைப்பிள்ளையின் கையும் காலும் குளிர்ந்திருப்பது இயல்பு. இரத்தவோட்டம் நடுவுடலைத்தான் முதலில் கவனிக்கிறது. உண்மையான சூடு பிடரிக்குக் கீழே தெரியும். அங்கே மெல்லிய சூடு, உலர்ந்த தோல், அவ்வளவுதான் வேண்டும். மிகைச்சூடு திடீர் மரணத்தோடு தொடர்புடையது என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. போர்த்திய பிள்ளை தன் சூட்டை வெளியேற்றப் பெரிதும் நம்பியிருப்பது தலையையும் முகத்தையும்தான். தொப்பி அந்த ஒரே வாசலையும் மூடிவிடுகிறது. வன்னியில் ஒரு மார்கழிப் பனிக்காலையில் காதை மூடியது நியாயம், ஓலைவேலியூடு காற்று வரும். தரை வெப்பமூட்டி ஓடும் சுவிஸ் வீட்டில் குளிர்காலத்தில்தான் பிள்ளை அதிகம் வேகிறது. வெளியே போகும்போது தொப்பி, வீட்டுக்குள் தூங்கும்போது இல்லை. படுக்கையறை 18 பாகையை ஒட்டி இருக்கட்டும், 20ஐத் தாண்ட வேண்டாம். ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது கடுங்குளிராகத் தோன்றும். அவர்கள் தங்களுக்கு ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம்.

போர்வைக்குப் பதில் உறக்கப்பை. நெதர்லாந்தில் 1990களில் இதைப் பயன்படுத்திய பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவாக இருந்தது கண்டறியப்பட்டது. சுவிஸில் இன்று இது எல்லா வீட்டிலும் உண்டு. தைத்த பையாதலால் முகத்தின்மேல் ஏறாது, உதைத்தாலும் கழலாது, குப்புறப் புரள்வதையும் சற்றுத் தடுக்கும். ஆனால் 'வளர்வான்தானே' என்று ஓராண்டுக்குச் சேர்த்துப் பெரிதாக வாங்கக் கூடாது. கழுத்து வாய் பிள்ளையின் தலையைவிடச் சிறிதாக இருந்தால்தான் பிள்ளை உள்ளே நழுவாது. நீளத்துக்கு இங்கே ஒரு கணக்குச் சொல்வார்கள். பிள்ளையின் உயரத்திலிருந்து தலையின் நீளத்தைக் கழித்து, காலை உதைக்க 10 முதல் 15 சென்ரிமீற்றர் கூட்டுவது. சுவிஸ்காரர்களுக்கும் தங்கள் குளிர்ப் பழக்கம் உண்டு. செர்ரிப் பழக் கொட்டைகளைத் துணிப்பையில் தைத்து அடுப்பில் சூடாக்கிப் படுக்கையில் வைப்பார்கள். படுக்கையை முன்கூட்டி இளஞ்சூடாக்க அது நல்லது. பிள்ளையைக் கிடத்துமுன் அதை எடுத்துவிட வேண்டும். சூட்டுப்போத்தலுக்கும் மின்போர்வைக்கும் அதே விதி.

சாம்பிராணி பற்றியும் கேட்பார்கள். முழுகவார்த்தபின் தலைமுடிக்குப் புகை காட்டுவது ஊரில் திறந்த முற்றத்திலோ விறாந்தையிலோ நடந்தது. இங்கே குளிர்காலத்தில் யன்னல்கள் இறுக மூடியிருக்கின்றன. பிள்ளையின் நுரையீரலுக்கு எந்தப் புகையும் புகைதான். சிகரெட் புகைக்கும் தமிழ்ப் பெண்கள் மிகக் குறைவு, அது நம் பிள்ளைகளுக்குப் பெரும் பாதுகாப்பு. தகப்பன்மார் பல்கனியில் புகைத்துவிட்டு அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்குவது அந்தப் பாதுகாப்பைக் கரைக்கிறது. சுவிஸ் வீடுகளில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை எல்லா யன்னலையும் அகலத் திறந்து, ஐந்து நிமிடத்தில் மூடிவிடும் பழக்கம் உண்டு. பிள்ளையை அடுத்த அறையில் வைத்துவிட்டு இதைச் செய்வதில் எந்தக் கேடும் இல்லை.

இனி ஏணை. ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் லோரன்ஸ் பாயேர், சோஃபி ஸ்வார்ட்ஸ், மிஷல் மூலெத்தாலெர் முதலியோர் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 12 ஆண்களைப் பகலில் ஆடும் கட்டிலில் தூங்கவைத்தார்கள். நான்கு நொடிக்கு ஓர் ஆட்டம். ஆடாத கட்டிலைவிட விரைவில் தூக்கம் வந்தது, ஆழ்ந்த தூக்கத்தின் மூளை அலைகள் கூடின. 2019இல் ஓரிரவு முழுதும் ஆட்டிப் பார்த்தபோதும் அதே விளைவு, விழிப்பும் குறைந்தது. அதே வேளையில் லோசான் பல்கலைக்கழகத்தில் போல் ஃபிராங்கன் குழு எலிகளை ஆட்டியது. உட்காதில் சமநிலை உணரும் நுண்கற்கள் செயற்படாத எலிகளுக்கு ஆட்டம் பயன்தரவில்லை. ஆகவே தாலாட்டின் பாதி வேலையைச் செய்வது உட்காது. ஏணை ஆட்டிய கைகள் அறிந்திருந்ததைச் சுவிஸ் ஆய்வுகூடம் அளந்துகாட்டியது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் அந்த ஆய்வுகளில் ஆடியவை தட்டையான கட்டில்கள், தூங்கியவர்கள் வளர்ந்தவர்கள். ஏணையில் துணி பிள்ளையின் பாரத்துக்கு வளைகிறது. முதல் மாதங்களில் தலை உடலுக்குப் பாரம், கழுத்துக்கு வலுவில்லை. முதுகு வளைந்தால் நாடி நெஞ்சில் படுகிறது, மெல்லிய மூச்சுக்குழாய் மடங்குகிறது. வாகன இருக்கையில் நெடுநேரம் தூங்கவிட வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். 10 பாகைக்கு மேல் சாய்ந்த உறங்குகருவிகளையும் அமெரிக்கா அதே 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடைசெய்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் ஏறத்தாழ 47 லட்சம் சாய்வுத் தொட்டில்களைத் திரும்பப் பெற்றிருந்தது. ஊரில் ஏணையை ஆபத்திலிருந்து காத்தது அதைச் சுற்றியிருந்த ஆட்கள். அது குசினி வாசலில் தொங்கியது. அம்மம்மா, சின்னம்மா, பக்கத்து வீட்டு மாமி, யாரோ ஒருவரின் கை கயிற்றில் இருந்தது, கண் பிள்ளையில் இருந்தது. அந்தக் கண்கள் விழித்திருக்கும் பகலில் சுவிஸ் வீட்டிலும் ஏணை ஆடட்டும். பிள்ளை தூங்கியதும் தூக்கித் தட்டையான கட்டிலில் மல்லாக்கக் கிடத்துங்கள். இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது ஏணையில் விடக் கூடாது. அல்ப்ஸ் மலைக் கிராமங்களிலும் ஒரு காலத்தில் மரத்தொட்டிலின் இரு பக்கக் குமிழ்களில் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிப் பிள்ளையைக் கட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அந்தத் தொட்டில்கள் இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

பஞ்சாயுதம் பற்றி ஒரே சொல். 31ஆம் நாளில் கழுத்தில் போடும் இந்தக் காப்பணி புறநானூறு பேசும் ஐம்படைத்தாலியின் வழி வந்தது. அதைப் போட வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். படம் எடுத்து, கோயிலுக்குப் போய்வந்து, தூங்குமுன் கழற்றுங்கள். கறுப்புக் கயிறும் ஊசியும் அப்படியே. பல் முளைக்கும் பிள்ளைக்கு அம்பர் மணிமாலை போடும் சுவிஸ் தாய்மாருக்கும் குழந்தை மருத்துவர்கள் இதையேதான் சொல்கிறார்கள்.

இத்தனையும் செய்தபின்னும் பிள்ளை இரவில் எழும்பும். சூரிச் சிறுவர் மருத்துவமனையில் அண்ட்ரியா பிராடெர் 1954இல் தொடங்கி, பின்னர் ரேமோ லார்கோ நடத்திய நெடுங்கால ஆய்வு, நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து வளர்ந்தவராகும்வரை பின்தொடர்ந்தது. அதிலிருந்து 2003இல் வெளியான தூக்க அளவுகளின்படி ஆறு மாதப் பிள்ளை நாளொன்றுக்குச் சராசரி 14.2 மணி நேரம் தூங்குகிறது. ஆனால் 10 மணி நேரம் மட்டும் தூங்கும் பிள்ளையும் உண்டு, 18 மணி நேரம் தூங்கும் பிள்ளையும் உண்டு, இரண்டும் நலமாகவே இருக்கின்றன. 'அவையின்ர பிள்ளை இரவு முழுக்கப் படுக்குதாம்' என்ற ஒப்பீட்டால் அழும் தாய்மாருக்கு இந்த எண் ஒரு மருந்து. சூரிச்சைச் சேர்ந்த அலெக்சாந்தர் போர்பெலி 1982இல் முன்வைத்த மாதிரிப்படி தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. ஒன்று விழித்திருக்கும்போது சேரும் தூக்கப் பசி, மற்றது உடலின் பகலிரவுக் கடிகாரம். பிறந்த பிள்ளைக்கு அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கவே இரண்டு மூன்று மாதமாகும். பகலில் வெளிச்சமும் சத்தமும், இரவுப் பாலுக்கு மங்கிய விளக்கும் குறைந்த பேச்சும் அதற்கு உதவும். அடிக்கடி எழும் பிள்ளையை ஆழ்ந்து தூங்கவைக்கச் சத்துமா கலந்த பால் போத்தல் கொடுப்பது தேவையில்லாதது. எளிதில் எழும்புவதே அந்த வயதில் பிள்ளையின் காவல். இரண்டு மாதத்துக்கு மேல் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்குத் திடீர் மரண ஆபத்து ஏறத்தாழ பாதியாகிறது என்பதையும் சேர்த்து நினைக்கலாம்.

அதே சூரிச் தரவிலிருந்து ஒஸ்கார் யென்னியும் பிறரும் 2005இல் எடுத்துக்காட்டிய இன்னொன்று உண்டு. சுவிஸ் பிள்ளைகளில் முதல் ஆண்டில் பெற்றோரின் கட்டிலில் வழக்கமாகத் தூங்கியவர்கள் 10 வீதத்துக்கும் குறைவு. நான்கு வயதிலோ 38 வீதம், வாரத்துக்கு ஒரு தடவையேனும். தனியே தூங்கப் பழகிய பிள்ளைகளும் பின்னர் நடந்து வந்து அம்மாவின் போர்வைக்குள் நுழைகிறார்கள். தனிக் கட்டிலில் கிடத்தினால் பாசம் குறையும் என்று கவலைப்படும் அம்மம்மாவுக்கு இதைச் சொல்லலாம். சிறிது காலம்தான், பிறகு அவன் தானே வருவான்.

திடீர் மரணத்தின் உச்சம் இரண்டு முதல் நான்கு மாத வயதில். பெரும்பாலானவை ஆறு மாதத்துக்குள் நிகழ்கின்றன. இதோடு சுவிஸ் நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். கட்டாயக் காப்புறுதி முதல் பிள்ளை பெற்ற தாய்க்கு 56 நாட்களுக்குள் 16 தடவைவரை மருத்துவிச்சியை வீட்டுக்கு அனுப்பும். எட்டாவது வாரத்தோடு அது முடிகிறது. 2005 முதல் வழங்கப்படும் மகப்பேற்று உதவிப்பணம் 14 வாரம், ஊதியத்தின் 80 வீதம். தகப்பனுக்கு 2021 முதல் இரண்டு வாரம். ஊரிலிருந்து வரும் அம்மம்மாவின் வருகை விசா மூன்று மாதம். எல்லா உதவியும் பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்கும் நான்கு மாதத்துக்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாக விலகுகிறது. முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் உணவகச் சமையலறையிலும் முறைவேலை செய்யும் நம் குடும்பங்களில் தாய் தகப்பன் மிகக் களைத்திருக்கும் வாரங்களும் அவையே. இந்த நேர ஒற்றுமையைச் சுவிஸ் சமூகக் கொள்கை போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. எட்டாவது வாரத்துக்குப் பிறகும் கன்ரோன்களின் பெற்றோர் ஆலோசனை நிலையங்கள் கட்டணமின்றித் தொடர்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் மிகேஸ்பிளஸ் தளத்தில் தமிழிலும் நலவாழ்வுக் குறிப்புகள் உண்டு. 1996இல் தொடங்கிய ஃபாம்-டிஷ் அமைப்பின் கூட்டங்களில் பெண்கள் தங்கள் மொழியிலேயே இவற்றைப் பேசுகிறார்கள்.

களைப்பைக் கண்டிப்பால் வெல்ல முடியாது, முன்னேற்பாட்டால் முடியும். உணவகத்தில் வேலை முடித்து இரவு ஒரு மணிக்கு வரும் தகப்பன், தாய் சற்றுத் தூங்கட்டும் என்று பிள்ளையை வாங்கி நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்கிறார். அன்பினால் செய்வது, ஆனால் 18 மடங்கு என்ற எண் பேசுவது இந்த இடத்தைத்தான். கண் சொக்குகிறதென்றால் பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிடுங்கள், அழுதாலும் பரவாயில்லை. தாயும் பாலூட்டும்போது தூங்கிவிடுவேன் என்று தெரிந்தால், சோபாவையும் சாய்வுக்கதிரையையும் விட்டுக் கட்டிலிலேயே இருக்கட்டும். அதற்குமுன் தலையணைகளையும் இறகுப் போர்வையையும் ஓரமாய்த் தள்ளிவிட்டு, விழித்ததும் பிள்ளையைப் பக்கக் கட்டிலுக்கு மாற்றட்டும். எந்த இரவு யாருடைய முறை, எத்தனை மணிக்குக் கைமாற்றுவது என்பதை மாலையில், இருவரும் தெளிவாக இருக்கும்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அம்மம்மா ஊர் திரும்பும் திகதி தெரிந்தவுடனேயே, அடுத்த நான்கு வாரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். சின்னம்மா, அயல்வீட்டு அக்கா, வேலைத்தலத்து நண்பர், ஆலோசனை நிலையத்தின் தொலைபேசி இலக்கம், எல்லாம் அதில் இருக்கட்டும்.